கோடு இல்லாத புள்ளிகள்

நான் எழுதிய நிரல்களில் ஒரே ஒரு வரிதான் எனக்கு மனப்பாடம். மற்றதெல்லாம் எழுதிய மறுவாரமே மறந்துபோகும். ஆறு மாசம் கழித்துத் திறந்து பார்த்தால், எந்தப் புண்ணியவதி இப்படி எழுதி வைத்தாள் என்று என்னையே திட்டிக்கொள்வேன். அந்த ஒரு வரி மட்டும் போகமாட்டேன் என்கிறது. கோடு இல்லாத புள்ளிகளைத் திரையில் காட்டாதே என்று சொல்லும் வரி. ஜாவாஸ்கிரிப்டில் அதை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். பாடப்புத்தகத்தில் இருந்த கம்ப்யூட்டருக்கும் உலகத்தில் இருந்த கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த எரிச்சலில் வீட்டில் வீடியோ பார்த்துப் பார்த்து நானாகவே ஜாவாஸ்கிரிப்ட் படித்தேன். ஒருநாள் தலைமையாசிரியையிடம் வாய்ச்சண்டை முற்றி, சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் யோசனை பின்னாலேதான் வரும். பிறகு கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட், ஆறுமுகநேரி உப்பு ஏஜென்டுக்கு விலைப்பக்கம் என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தேன். அப்படித்தான் அந்த யார்டு வேலை வந்தது.

எங்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களில் ஒரு பகுதி ஊருக்கு வெளியே இருக்கும் யார்டுகளுக்கு வரும். அங்கே கதவில் போட்ட சீலை உடைத்து, சரக்கை இறக்கி, லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். அங்கே யாரும் கண்டெய்னர் என்று சொல்லமாட்டார்கள், பெட்டி என்பார்கள். நானும் ஒரு வாரத்தில் பெட்டி என்று சொல்லப் பழகிவிட்டேன். யார்டு மேனேஜர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கை சும்மா இராது. பேசும்போதெல்லாம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு இருந்த தலைவலி, தகவல் எல்லாம் ஐந்து எக்செல் கோப்புகளில் கிடந்ததுதான். கப்பல் ஒன்றில், பெட்டி ஒன்றில், காகிதம் ஒன்றில், லாரி ஒன்றில், இறக்கும் ஆட்கள் ஒன்றில். எந்தப் பெட்டிக்கு எந்தக் காகிதம் என்று பார்க்க ஒரு ஆள் அரைமணி நேரம் தேடுவான்.

"மேடம், ஒரு ஸ்கிரீன்ல பார்த்தா எது எதுகூட சேருதுன்னு தெரியணும். அம்புட்டுதான்" என்றார்.

எனக்கு அது அல்வா சாப்பிடுவது மாதிரி. இதற்கென்றே ஜாவாஸ்கிரிப்டில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பொருளையும் ஒரு புள்ளியாக வைக்கவேண்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உறவு இருந்தால் நடுவில் ஒரு கோடு. பிறகு அந்தக் கருவி தானாகவே எல்லாப் புள்ளிகளையும் இடம் பிடித்து உட்கார வைக்கும். அதற்கு இரண்டே விதிகள்தான். புள்ளிகள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளும். கோடு இருந்தால் இழுத்துப் பிடிக்கும். இந்தத் தள்ளுமுள்ளு கொஞ்சநேரம் நடந்து ஓய்ந்ததும், ஒரு கப்பலும் அதன் பெட்டிகளும், அந்தப் பெட்டிகளின் காகிதங்களும் லாரிகளும் ஒரு குடும்பமாகச் சேர்ந்து நிற்கும்.

முதல்முறை அது என் வீட்டு டைனிங் டேபிளில், லேப்டாப் திரையில், ஆடி அசைந்து அடங்கியபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கை தட்டினேன். சிதறிக் கிடந்த எக்செல் கோப்புகள் ஒரே படமாகிவிட்டன.

அதில் நான் சேர்த்த முக்கியமான விஷயம் சிவப்பு நிறம். தூத்துக்குடிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை வரும். சாக்கில் கட்டிய பச்சைக்கொட்டை. வழியில் பூச்சி பிடிக்காமல் இருக்க, கதவு சாத்தும்போது உள்ளே மாத்திரை போடுவார்கள். அந்த மாத்திரையிலிருந்து விஷவாயு கிளம்பிப் பூச்சியைக் கொல்லும். வாயு முழுவதும் வெளியேறாமல் ஆள் உள்ளே போனால் ஆளையும் கொல்லும். மருந்து போட்ட பெட்டிக்கு ஒரு சான்றிதழ் வரும். படத்தில் சான்றிதழ் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி. அதிலிருந்து எந்தப் பெட்டிக்குக் கோடு போகிறதோ அந்தப் பெட்டி சிவப்பாகிவிடும். கோடு போகாத பெட்டிகள் பச்சை. சிவப்பு என்றால் கதவைத் திறந்துபோட்டுக் காத்திருந்து, கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போகவேண்டும். பச்சை என்றால் போகலாம்.

இறக்குகிற ஆட்கள் உட்காரும் ஷெட்டில் ஒரு பெரிய திரையை மாட்டினார்கள். அவர்கள் அதை 'டிவி' என்றார்கள். நான் யார்டுக்குள் நுழைந்தால் "டிவி மேடம் வந்தாச்சு" என்று குரல் வரும். அந்தக் குரல் பெரும்பாலும் ஒரே ஆளுடையது. கடலோரத் திரேஸ்புரத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், முன்பு வள்ளத்தில் போனவர். தோள்பட்டை சரியில்லை, வலை இழுக்க முடியவில்லை என்று இந்த வேலைக்கு வந்தவர். வலை இழுக்க முடியாதவர் மூட்டை எப்படித் தூக்குகிறார் என்று ஒருநாள் கேட்டேன். "வலை நம்மள இழுக்கும் மேடம், மூட்ட சொன்ன பேச்சு கேக்கும்" என்றார். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். தினமும் காலையில் முதல் கேள்வி அவருடையதுதான்: "மேடம், ஒங்க டிவியில இன்னைக்குச் சேப்பு இருக்கா?"

இப்போது அந்த ஓரத்துப் புள்ளிகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கோடு இல்லாத புள்ளியை இழுத்துப் பிடிக்க யாரும் இல்லை. எல்லாரும் தள்ளுவார்கள். அதனால் அது நகர்ந்து நகர்ந்து திரையின் விளிம்புக்குப் போய் நின்றுவிடும். எங்கள் படத்தில் அப்படிப் பதினைந்து இருபது புள்ளிகள் எப்போதும் ஓரமாக நிற்கும். சில, வேறு யார்டுக்குப் போன பெட்டிகள். சில, தப்பாக வந்த லாரி எண்கள். சில, எந்தப் பெட்டிக்கும் சேராத மஞ்சள் புள்ளிகள். அதாவது சான்றிதழ் இருக்கிறது, எந்தப் பெட்டிக்கு என்று தெரியவில்லை.

சென்னை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் மேனேஜர் திரைக்கு முன்னால் நின்றுகொண்டு பேனா மூடியைக் கழற்றினார்.

"எல்லாம் ஜோரா இருக்கு மேடம். ஓரத்துலதான் ஈ மொய்ச்ச மாதிரி இருக்கு. அது என்னது?"

"எதுகூடயும் சேராத காகிதம் சார். ஏன் சேரலைன்னு பார்க்கணும்."

"ஸ்கேன் சரியா வந்திருக்காது. அதெல்லாம் ஃபைல்ல பார்த்துக்கிடலாம். இப்போதைக்கு எடுத்துருங்க. பார்க்க அசிங்கமா இருக்கு."

அவர் மேல் பழி போட்டுவிட்டு நான் நகர்ந்துகொள்ள முடியாது. எனக்கும் அவை அசிங்கமாகத்தான் இருந்தன. அவ்வளவு அழகாக ஒழுங்காகி நின்ற படத்தின் ஓரத்தில் அவை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தன. ஏன் சேரவில்லை என்று பார்க்கவேண்டும் என ஒருமுறை சொன்னேன், இரண்டாம் முறை சொல்லவில்லை. அந்த வரியை எழுதினேன். பக்கத்தைப் புதுப்பித்ததும் ஓரம் துடைத்தமாதிரி ஆனது. மறுநாள் வந்தவர்கள் படத்தைச் செல்போனில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவர்களில் ஒருவர், ஒரு பெட்டியைத் திறந்ததிலிருந்து காலியாகும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் காட்டமுடியுமா என்று கேட்டார். அதையும் செய்தேன். கோடுகோடாக ஒரு படம். அதில் ஒவ்வொரு பெட்டிக்கும் தொடக்கத்தில் அரைமணி நேரம் வெறுமையாக இருந்தது. என்னவென்று போய்ப் பார்த்தால், அது டீ. ஆட்கள் எந்தப் பெட்டியானாலும் இரண்டு கதவையும் விரியத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வாயுவுக்குப் பயந்து செய்ததல்ல. வெயிலில் வெந்து கிடக்கும் இரும்புக்குள் உடனே நுழைய முடியாது, அதுதான் காரணம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்த வழக்கம். என் படம் வந்த பிறகு அந்த அரைமணி நேரம் எல்லார் கண்ணிலும் பட்டது. சிவப்புப் பெட்டிக்கு மட்டும் டீ, பச்சைப் பெட்டிக்கு உடனே வேலையில் இறங்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. அண்ணாச்சி என்னிடம், "மேடம், ஒங்க டிவி எங்க டீயக் குடிச்சிட்டுல்லா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அன்று நான் யார்டில் இருந்தது தற்செயல். திரை அடிக்கடி உறைந்துபோகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணி இருக்கும். ஷெட்டில் ஸ்டூல் போட்டு ஏறி ஒயரை மாற்றிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு பெட்டியின் சீலை உடைத்தார்கள். அண்ணாச்சி இரண்டடி தள்ளி வந்து நின்று கேட்டார்.

"மேடம், சேப்பு இருக்கா?"

திரையைப் பார்த்தேன். "இல்ல அண்ணாச்சி. பச்சைதான்."

கதவு திறந்ததும் ஒரு வாடை வந்தது. எனக்கே வந்தது. மீன் அழுகினமாதிரி ஒரு வாடை. கூட இருந்த ஒரு ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏலே, எவம்ல முந்திரியில கருவாட்ட ஏத்துனது?" என்றான். அண்ணாச்சி அவன் முதுகில் ஒன்று வைத்தார். "திரேஸ்புரத்துல பொறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வாடையாலே? நீ நில்லு, நான் போறேன்" என்று மூட்டைக்கொக்கியை எடுத்துக்கொண்டு ஏறினார்.

அந்த வாயுவுக்கு அழுகின மீன் வாடை உண்டு என்று பிறகுதான் படித்தேன். உலகத்தில் வேறெங்கே இருந்தாலும் அந்த வாடைக்கு ஒரு மனுஷன் பின்வாங்கியிருப்பான். எங்கள் ஊரில் அது காலைக்காற்றோடு ஜன்னல் வழியாக வருவது. யாருக்குச் சந்தேகம் வரும்?

பத்து நிமிஷம் இருக்கும். மூட்டைச்சுவருக்கு மேலே ஏறிப் பின்னால் போனவர் திரும்பி வந்து வாசலில் நின்றார். தள்ளாடினார். கையை நீட்டினார், பிடிக்க ஒன்றும் இல்லை. மூட்டைகளுக்கு நடுவே மடங்கி விழுந்தார். இழுக்கப் போன இரண்டு பேரும் வாந்தி எடுத்தார்கள். அவர்கள் ஆஸ்பத்திரியில் நாலுநாள் கிடந்து பிழைத்தார்கள். அண்ணாச்சி போகும் வழியிலேயே போய்விட்டார். நான் ஸ்டூலிலிருந்து இறங்கவே இல்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து அந்த வரியை அழித்தேன். ஓரத்துப் புள்ளிகள் திரும்ப வந்து நின்றன. பதினேழு. மஞ்சளாக இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். நாலாவதில் இருந்தது. அதே கப்பல், அதே முந்திரிக்கொட்டை, மருந்து போட்ட தேதி. பெட்டி எண் எழுதவேண்டிய கட்டத்தில் எண் இல்லை. 'தனித்தாளில் உள்ளபடி' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. நிறையப் பெட்டிகளுக்கு ஒரே சான்றிதழ் கொடுக்கும்போது எண்களை இன்னொரு தாளில் அடித்துப் பின்னால் சேர்ப்பார்கள். அந்தத் தாளை யாரும் ஸ்கேன் செய்யவில்லை. தாள் இல்லாததால் எண் இல்லை. எண் இல்லாததால் கோடு இல்லை. கோடு இல்லாததால் நான் துடைத்துவிட்டேன்.

முதலில் எனக்கு வந்தது துக்கமில்லை, பயம். என்னைப் பிடித்துவிடுவார்களோ என்ற பயம். அந்த வரியைத் திரும்ப எழுதிச் சேமித்து, லேப்டாப்பை மூடினேன். இதைவிடக் கேவலமான காரியம் நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. ஆட்கள் மறுநாளிலிருந்து எந்தப் பெட்டியைத் திறந்தாலும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள், டிவியை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை, இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று பிறகு வந்த நாட்களில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கம்பெனி ஒரு விசாரணை வைத்தது. மேனேஜர் எழுதிக்கொடுத்ததில், இறந்தவர் அனுமதி இல்லாமல் தானாக உள்ளே போனார், விழுவதற்கு முன் தள்ளாடியதைப் பலர் பார்த்தார்கள், அவர் நிதானத்தில் இல்லை என்று இருந்தது. குடித்திருந்தார் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. நிதானத்தில் இல்லை என்று படிக்கிற எவனும் அதைத்தான் நினைப்பான். உறுப்புகளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மூன்று வாரம் கழித்து, யார்டு கேட்டில் ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தாள். கறுப்புச் சேலை, கையில் மஞ்சப்பை. அண்ணாச்சியின் மனைவி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அக்கா, அவிய பெட்டிக்குள்ள ஏறும்போ நீங்க அங்கன இருந்தியளாம்."

"இருந்தேன்."

"நிதானமாத்தான இருந்தாவ?"

"நிதானமாத்தான் இருந்தாங்க."

"அத எழுதித் தருவியளா?"

பார்க்கிறேன் என்றேன். மனசாட்சியுள்ள எவளும் சொல்லக்கூடாத வார்த்தை அது. அவள் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அவிய குடிய விட்டு ஏழு வருசம் ஆச்சுக்கா. மாதாவுக்கு நேந்துக்கிட்டு, பொருத்தன வச்சு விட்டாவ. இப்போ தெருவுல எல்லாரும், பொருத்தனய மீறுனான், அதான் மாதா கைவிட்டுட்டாவன்னு சொல்லுதாவ. எங்க மாமியாரே சொல்லுதாவ. கோயில்ல போய் உக்கார முடியல. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவிய சொல்லு தவறலன்னு ஒரு தாளு வேணும்."

என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். சண்டை எனக்குக் கைவந்த கலை. அவள் திட்டவில்லை. எட்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திரேஸ்புரத்துக்குப் போனேன்.

வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். வெளியே மீன் ஏலம் விடும் சத்தம். மாதா படத்துக்கு முன்னால் பாதி எரிந்த மெழுகுதிரி ஒன்று இருந்தது. பொருத்தனை வைத்த அன்று ஏற்றியது, வருஷத்துக்கு ஒருமுறை திருநாளன்று கொஞ்சநேரம் ஏற்றி அணைத்துவிடுவார் என்றாள். ஏழுமுறை ஏற்றியதில் இவ்வளவுதான் கரைந்திருக்கிறது என்று விரலால் காட்டினாள். எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

படத்தைத் திறந்து காட்டினேன். இது கப்பல், இது பெட்டி, இது லாரி என்றேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல அவிய எங்க?"

படத்தில் மனுஷர்களே இல்லை. ஆட்கள் பற்றிய கோப்பில் பெயர்கள் இல்லை, கேங் நாலு, ஆள் ஆறு என்று எண்கள்தான். எண்ணுக்கு எதற்குப் புள்ளி என்று அதை நான் சேர்க்கவே இல்லை. அப்படியே சொன்னேன்.

"இப்போ போடலாமா?"

போட்டேன். அவர் பெயரை எழுதி ஒரு புள்ளி. அதைப் பார்க்க வேண்டுமானால் அந்த வரியை அழித்தாகவேண்டும், அழித்தேன். புள்ளி நடுவில் தோன்றி, மற்றவை தள்ளத் தள்ள ஓரத்துக்கு நகர்ந்தது.

"ஏன்க்கா தள்ளிப் போறாவ?"

"கோடு இல்லல்ல. அதான்."

"அப்போ கோடு போடுங்க."

அவரிடமிருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு கோடு. பெட்டியிலிருந்து, ஓரத்தில் நின்ற அந்த மஞ்சள் சான்றிதழுக்கு ஒரு கோடு. உடனே பெட்டி சிவப்பானது. அவர் நகர்ந்து வந்து பெட்டியோடு ஒட்டி நின்றார். அப்புறம் இன்னொரு புள்ளி வைத்து, அந்தச் சான்றிதழோடு சேர்த்தேன்.

"இது ஆரு?"

"நான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மஞ்சள் புள்ளி முதலில் திரையில் இருந்தது, நான்தான் எடுத்தேன், அதனால்தான் பெட்டி பச்சையாகத் தெரிந்தது என்று. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கமுடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கதான் பச்சைன்னு சொன்னியளா?"

"ஆமா."

அவள் எழுந்தாள். நான் குடிக்காமல் வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தண்ணீர்க்குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய்விடலாமா என்று இரண்டு தரம் நினைத்தேன். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"இத அந்த விசாரணக்காரவியட்ட சொல்லுவியளா?"

"சொல்லுவேன்."

"எனக்கு ஒங்க முகத்தப் பார்க்க முடியலக்கா. ஆனா சொல்லிருங்க" என்றாள்.

சொன்னேன். இரண்டு தாளில் எழுதினேன். அந்த வரி இல்லாத படம் ஒன்று, இருக்கும் படம் ஒன்று, அச்செடுத்து வைத்தேன். சென்னையிலிருந்து வந்த விசாரணை அதிகாரி மரியாதையாக வாங்கிக்கொண்டார், கையெழுத்து வாங்கினார், இதையெல்லாம் முன்னமே சொல்லியிருக்கலாமே என்றார். உண்மைதான். மேனேஜர் வராந்தாவில் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு நின்றார். "நல்லா மாட்டிக்கிட்டீங்க மேடம், என்னையும் சேத்து" என்றார். நான், "நாம மாட்டல சார். மாட்டினது அவரு" என்றேன். அந்த மாசத்தோடு எனக்கு அந்த யார்டு வேலை நின்றது. அது எனக்குப் பெரிய விஷயமாகவே தெரியவில்லை. அவள் கேட்ட தாள் அவளுக்குக் கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாசம் கழித்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். முகவரியை யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வந்தாள். மஞ்சப்பையிலிருந்து விசாரணை அறிக்கையின் நகலை எடுத்து நீட்டினாள். தபாலில் வந்ததாம்.

"பங்குச்சாமியார்ட்ட காட்டுனேன். இதுல நீங்க சொன்னது எங்கனயும் இல்லைங்காவ. நீங்க சொல்லலியா?"

நின்றபடியே படித்தேன். மொத்தம் ஒன்பது பக்கம். ஆறாம் பக்கத்தில், இறந்தவர் நிதானத்தில் இல்லாத நிலையில் அனுமதியின்றி உள்ளே சென்றதே விபத்துக்குக் காரணம் என்று முடிவு எழுதியிருந்தது. எட்டாம் பக்கத்தில் சாட்சிகளின் பட்டியல். கடைசி வரியில் நான் இருந்தேன். மென்பொருள் ஒப்பந்ததாரர், பெண், வாக்குமூலம்: தனித்தாளில் உள்ளபடி.

ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினேன். அதற்குப் பின்னால் தாள் இல்லை. இரண்டு தரம் புரட்டினேன். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூலப்பிரதியில் எல்லாம் இருக்கும், நகலோடு இணைப்புகள் அனுப்பும் வழக்கம் இல்லை என்றார்கள். மூலப்பிரதியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். இறந்தவரின் குடும்பத்தார் எழுதிக் கேட்டால் பரிசீலிப்பார்களாம். போனிலேயே கத்தினேன். எதிரே இருந்தவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். பரிசோதனை முடிவும் அதுவரை வந்திருக்கவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

"நான் சொன்னேன்ம்மா. ரெண்டு தாளு எழுதிக்கொடுத்தேன். அதைச் சேர்க்கல."

"திரும்ப எழுதுவியளா? கையால?"

மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். அவர் நிதானமாக இருந்தார் என்று தொடங்கினேன். பச்சை என்று சொன்னவள் நான், பச்சையாகத் தெரியும்படி செய்தவளும் நான் என்று எழுதினேன். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். படித்துவிட்டு, "வாடயப் பத்தி அவிய சிரிச்சுக்கிட்டுப் பேசுனாவன்னு கூட நின்னவிய சொன்னாவளே, அதையும் எழுதுங்க. குடிச்சவன் அப்படி வெவரமாப் பேசமாட்டாம்லா" என்றாள். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டேப்ளரை எடுத்தேன். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அந்தப் பின்னு நகத்தால நெம்புனா வந்துரும். ஊசி நூலு இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். நூலை நாலாக மடித்துக் கோத்தாள். அறிக்கையின் ஒன்பது பக்கங்களையும் என் தாளையும் ஒன்றாகத் தட்டிச் சேர்த்து, ஓரமாக ஐந்து இடத்தில் குத்தித் தைத்தாள். தாள் கனமாக இருந்ததால் ஒவ்வொரு குத்துக்கும் ஊசியின் பின்முனையைச் சுவரில் வைத்து அழுத்தவேண்டியிருந்தது. கடைசியில் வலைக்குப் போடும் முடிச்சு ஒன்றைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்த இடத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள், விடவில்லை.

"இனி இத எவன் பிரிக்கணும்னாலும் கிழிச்சுத்தான் பிரிக்கணும்" என்றாள்.